1019 தற்சமயம் பணியில் இருக்கிறார்

நான் பணி ஓய்வு பெற்றபோது எனக்கு இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளமே இன்னும் வந்திருக்கவில்லை. பிரிவு உபசார விழாவில் இயக்குநர் என்னுடைய நெடுநாள் சேவையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது ஒருத்தி மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தெருவிளக்குக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் எனக்குக் கணக்கு நிர்வாகி வேலை கிடைத்தது. கணக்கு என்றால் வரவு செலவு இல்லை. சர்வருக்குள் யார் யார் நுழையலாம், யார் எந்தக் கோப்பைத் தொடலாம், போனவர்களின் இடத்தை எப்போது அழிப்பது என்று பார்த்துக்கொள்வது. இதில் படம், பொத்தான் என்று எந்த அலங்காரமும் கிடையாது. ஒரு கறுப்புத் திரை, அதில் விட்டுவிட்டு மினுங்கும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். கமாண்டைத் தட்டி என்டர் அடித்தால் சர்வர் செய்து முடித்துவிடும். ஏன், எதற்கு என்று கேட்காது. மனிதர்களோடு பழகி அலுத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இதற்கு முன்பு நான் வேலை பார்த்த தனியார் கம்பெனிகள் எல்லாம் நான் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே மூடப்பட்டுவிட்டன. என் அண்ணன் பைக் மெக்கானிக். "இவ உள்ள கால் வெச்சா ஷட்டர் தானா இறங்கிடும்" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அம்மா சிரிக்கவில்லை. கழகத்தின் உத்தரவு வந்த அன்று, "இது மூடற ஆபீஸ் இல்ல. தெருவுல இருட்டு இருக்கிற வரைக்கும் என் பொண்ணுக்கு வேலை இருக்கு" என்று அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் வேறு பெரிய ஆசை இல்லை. இந்த ஒரு வேலையாவது நிலைக்க வேண்டும், அம்மா சொன்ன சொல் பொய்யாகக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் நாள் சர்வர் அறையில் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது கீபோர்டுதான். என்டர் பொத்தானை மட்டும் ஒரு பித்தளை மூடி போட்டு மூடி, அதற்கு ஒரு குட்டிப் பூட்டும் போட்டிருந்தார்கள். அதை நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது இணை இயக்குநர் உள்ளே வந்தார். ஒவ்வொரு மாடிக்கும் ஓர் இணை இயக்குநர் உண்டு. இவர் கீழ்த்தளத்துக்கு. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து தொங்கியது.

"எதையாவது தொட்டியா?"

"இல்ல சார். பாத்தேன்."

"பாக்கலாம். அதுக்குத் தடை இல்ல."

பிறகு அவரே விளக்கினார். பல வருடங்களுக்கு முன் ஓர் எழுத்தர் அவசரப்பட்டு என்டர் அடித்ததில் ஊர் முழுக்க விளக்கு அணைந்திருக்கிறது. அந்த இருட்டில், கம்பம் நடுவதற்காகக் கழகமே தோண்டி வைத்திருந்த பள்ளத்தில் அப்போதைய இயக்குநர் விழுந்துவிட்டார். அதே பள்ளத்தில் பொதுமக்கள் பலர் அதற்கு முன்பே விழுந்திருக்கிறார்கள். ஆனால் விழுந்தது இயக்குநர் என்றதும் குழு போட்டார்கள். அந்தக் குழுவின் பரிந்துரைதான் மூடி.

"இங்க பாரும்மா, டைப் பண்றது உழைப்பு. என்டர் அடிக்கிறது முடிவு. உழைப்பை யார் வேணா செய்யலாம், அதுக்குத்தான் உங்களை எல்லாம் எடுத்திருக்கு. முடிவு எடுக்க ஒரு தகுதி வேணும்."

"நான் தப்பா டைப் பண்ணியிருந்தா?"

"அது உன் தப்பு."

"நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தானே சார் அடிப்பீங்க?"

அவர் முகம் சுருங்கியது. "படிக்க ஆரம்பிச்சா நானும் உழைப்புல சேர்ந்துடுவேன்மா" என்றார்.

ஒரு மேசைக்கு ஒரு நாளைக்கு ஒரு என்டர். காலையில் சாவிக்கொத்தோடு கிளம்புவார். மேசை மேசையாகப் போய் மூடியைத் திறப்பார், ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு, மறுபடி பூட்டு. நாங்கள் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். நான் சர்வரின் முதன்மைக் கணக்குப் பெயரைத் தட்டியது திங்கட்கிழமை. பாஸ்வேர்ட் செவ்வாய்க்கிழமை. பாஸ்வேர்டில் ஓர் எழுத்து தவறிவிட்டதால் புதன், வியாழனும் அதற்கே போயின. அலுவலக வாசலில் இருக்கும் தெருவிளக்கு பகலிலும் ஏன் எரிகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அணைக்கும் கமாண்ட் தயாராக இருக்கிறதாம், வரிசையில் நிற்கிறதாம்.

அடுத்த வேலை, எனக்கென்று ஒரு கணக்கு உண்டாக்கிக்கொள்வது. புதிதாக ஓர் எண்ணைப் போட்டேன். அன்றைக்கென்று இணை இயக்குநர் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். சிக்கனப் பிரிவு அனுப்பியது. எண்கள் கழகத்தின் சொத்து என்றும், பழைய எண் காலியாக இருக்கும்போது புது எண் எடுப்பது விரயம் என்றும் அதில் இருந்தது.

"எண்ணுக்குப் போய் பஞ்சமா சார்?"

"இன்னிக்குப் பஞ்சம் இல்ல. வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டே போனா?"

காலியாக இருந்தது 1019. இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற ஒரு கண்காணிப்பாளருடையது. அழித்துத் திருத்தி 1019 என்று தட்டினேன். ஆள்காட்டி விரல் இறங்கியது. நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

இந்த இடத்தில் சர்வரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயரெல்லாம் முக்கியமே இல்லை. நம் திருப்திக்காக வெளியே ஒரு பெயரைக் காட்டும், உள்ளே எல்லாம் எண்தான். 1019 எழுதிய கோப்பு 1019க்குச் சொந்தம். அந்த எண்ணில் நேற்று யார் இருந்தார், இன்று யார் வந்து உட்கார்ந்தார் என்று அது விசாரிக்காது. எனக்கு முன்பு இங்கே இருந்த ஒப்பந்தக்காரர், கண்காணிப்பாளரின் பெயரை மட்டும் அழித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் என் கோப்புகளைப் பட்டியலிடச் சொல்லிக் கமாண்ட் கொடுத்தேன். என்டர் விழுந்ததும் திரை ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. நான் பிறப்பதற்கு முந்தைய தேதியிட்ட கோப்புகள் எல்லாம் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றன.

உடனே சொல்லிவிட்டேன். "சார், பழைய ஆளோட ஃபைல் எல்லாம் என் பேர்ல வந்துடுச்சு. எனக்கு வேற நம்பர் குடுத்துட்டா சரியாயிடும். ஒரே ஒரு கமாண்ட்."

"உன்னோடதுன்னு மெஷின் சொல்லுதா?"

"சொல்லுது சார், ஆனா..."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. டெண்டர் விட்டு வாங்கினது." பூட்டைப் பூட்டிக்கொண்டே, "அதுவும் இல்லாம, என்டர் அடிச்சது நான். அப்ப அது என்னோட முடிவு. என் முடிவு தப்புன்னு சொல்றியா?" என்றார்.

சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

முதலில் வந்தது மெமோ. மூலைத்தெரு விளக்குக் கம்பம் சாய்ந்ததை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் முன்பே தாங்கள் நேரில் சென்று பார்த்தது ஏன் என்று கேட்டு, பணியாளர் பிரிவிலிருந்து. விசாரணை இன்னும் நிலுவையில் இருக்கிறதாம். கம்பம் சாய்ந்த தேதியைப் பார்த்தேன். "அன்று எனக்கு ஒரு வயது. தவழ்ந்துகொண்டிருந்தேன்" என்று உள்ளதை உள்ளபடி பதில் எழுதினேன். அலுவலக நேரத்தில் அனுமதியின்றித் தவழ்ந்தது இரண்டாவது குற்றச்சாட்டாகச் சேர்க்கப்பட்டது.

ஆனால் மெமோவின் அடியில் ஒரு வரி இருந்தது. விசாரணை முடியும் வரை தங்களைப் பணியிலிருந்து நீக்க எவருக்கும் அதிகாரமில்லை, முதுமை ஒன்று மட்டும் விதிவிலக்கு. அதை வீட்டில் படித்துக் காட்டினேன். "இது நல்ல ஆபீஸ்தான் போல" என்றான் அண்ணன். அவன் ஒரு கம்பெனியைப் பாராட்டி அன்றுதான் கேட்டேன்.

அடுத்து நாற்காலி வந்தது. சுழலும் நாற்காலி, மெத்தை வைத்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் இணை இயக்குநர். பதிவேட்டின்படி நான் அவரைவிடப் பல வருடம் மூத்தவளாம். நான் எழுந்து நின்றேன். அவரும் நின்றார்.

"உட்காருங்க சார்."

"நீங்க உட்கார்ந்த பிறகு மேடம்." நாற்காலியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். "என்னை ஞாபகம் இருக்கா மேடம்? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல நீங்கதான் லீவு லெட்டர் எழுதக் கத்துக்குடுத்தீங்க."

"இப்ப நல்லா எழுதறீங்களா?"

"உங்க புண்ணியத்துல, வருஷத்துல பாதி நாள் லீவுதான் மேடம்."

உண்மையைச் சொன்னால் எனக்கு இது கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்படியென்றால் என்டர் சாவி எனக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். "அது பதவிக்கு மேடம். வயசுக்கு மரியாதை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

பிறகு டீயில் கை வைத்தார்கள். கேன்டீன்காரர் கொடுத்த டீயில் இனிப்பே இல்லை. கேட்டால், "1019க்குச் சர்க்கரை ஆகாதுன்னு ஆபீஸ் டாக்டர் எழுதியிருக்காரே மேடம்" என்றார். நலப் பிரிவிலிருந்து முழங்கால் வலிக்குத் தைலமும், எழுத்து பெரிதாகத் தெரிய ஒரு கண்ணாடியும் வந்தன. கண்ணாடியைப் போட்டால் எதுவுமே தெரியவில்லை. இதற்கிடையில் ஒருநாள் டீயே வரவில்லை.

"உங்க டீ அப்பவே மாடிக்குப் போயிடுச்சே மேடம்" என்றார் கேன்டீன்காரர்.

"யாரு குடிச்சது?"

"1019."

"நான்தானே 1019?"

"அப்ப நீங்கதானே குடிச்சிருப்பீங்க." அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வாக்குவாதத்தில் அவரை வெல்ல முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் மேலே கேட்கவில்லை.

ஒரு காலையில் இணை இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"மேடம், ஒரு வருத்தமான விஷயம். உங்களுக்கு அறுபத்திரண்டு வயசு ஆயிடுச்சு."

"எனக்கு இருபத்தாறு சார்."

"உடம்புக்கு இருக்கலாம் மேடம். நம்பருக்கு அறுபத்திரண்டு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நீங்க ஓய்வு பெற்றிருக்கணும். என்ன காரணமோ, வெளியேறுதல் பதிவாகவே இல்ல. நீங்களாவும் போகல. மரியாதைக்காக நாங்களும் கேக்கல."

வெள்ளிக்கிழமை பிரிவு உபசாரம் என்று நாள் குறித்துவிட்டிருந்தார்கள். நான் பதறிப்போய் இயக்குநரிடம் ஓடினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு வயது முகத்தை நேருக்கு நேராக, நன்றாகவே பார்த்தார். "நீங்க சொல்றது புரியுது. கண்ணுக்கும் தெரியுது. ஆனா கண்ணை வெச்சு முடிவெடுக்க ஆரம்பிச்சா, ஃபைல் எல்லாம் எதுக்கு இருக்கு?" என்றார். பிறகு அன்பாக, "இந்த விஷயத்துல என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. நான் வெறும் இயக்குநர்" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஒரு பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே, "ஷட்டர் இறங்கிடுச்சா?" என்றான்.

"இல்லண்ணா. நான் ரிட்டயர் ஆகறேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சரி விடு. நீ சேர்ந்தும் மூடாத முதல் கம்பெனி இதுதான். அதுவே முன்னேற்றம்."

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவன் எண்ணெய்க் கையால் என் கண்ணைத் துடைக்கப் பார்த்து, பிறகு வேண்டாம் என்று தன் சட்டைக் கையை நீட்டினான். எவ்வளவு ஆசையாக அந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்வர் அறை நிரம்பி வழிந்தது. கேக் இருந்தது, பூச்செண்டு இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம் இருந்தது. கேடயத்தில் பெயர் கிடையாது, 1019 என்று எண் மட்டும் பொறித்திருந்தார்கள். இயக்குநர் பேச எழுந்தார்.

"இவரை நான் முதன்முதலில் சந்தித்தபோது இவருடைய மீசை கன்னங்கரேலென்று இருந்தது." என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "இத்தனை ஆண்டுகளில் எந்த உத்தரவையும் இவர் மறுத்ததில்லை. எந்த உத்தரவும் இவரால் நிறைவேறியதுமில்லை. இப்படிப்பட்ட ஊழியர்களின் தோள்களில்தான் இந்தக் கழகம் அசையாமல் நிற்கிறது. நானே ஒருமுறை ஒரு யோசனை சொன்னேன். இவர் அதைப் பணிவோடு வாங்கிக் கோப்பில் வைத்தார். அது இன்றும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது. யோசனைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு எங்கே கிடைக்கும்? இளைஞர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

கூட்டத்தில் இருந்தவர்களிலேயே இளையவள் நான்தான். கற்றுக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன்.

அடுத்து சடங்கு. ஓய்வு பெறுபவர் தன் கணக்கை அழிக்கும் கமாண்டைத் தன் கையாலேயே தட்ட வேண்டும். மரியாதைக்காக அன்று மட்டும் இயக்குநரே என்டர் அடிப்பார். என் கணக்கிலிருந்து நான் காலையிலேயே வெளியேறியிருந்தேன், அதற்கான என்டரை இணை இயக்குநர் கண்ணீரோடு அடித்திருந்தார். இப்போது ஏற்கெனவே திறந்திருந்த முதன்மைக் கணக்கில் உட்கார்ந்து, 1019ஐ அதன் சகல கோப்புகளோடும் நீக்கு என்ற பொருளில் ஒரு வரி தட்டினேன். என்னை நானே அழிக்க ஒரு வரிகூட முழுதாகத் தேவைப்படவில்லை. மூடி திறந்தது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு என்டரை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

திரையில் வேறு மாதிரி ஒரு வரி வந்து நின்றது. நான் வாசித்தேன். "நீக்க முடியாதாம் சார். 1019 தற்சமயம் பணியில் இருக்கிறாராம்."

கைதட்டல் நின்றது.

"அப்படின்னா?"

"இந்த நிமிஷம், இந்தக் கட்டடத்துல, அந்த நம்பர்ல யாரோ வேலை செஞ்சுக்கிட்டிருக்காங்க."

இயக்குநரின் முகம் வெளுத்தது. "வேலை செய்யறாங்களா? நம்ம ஆபீஸ்லயா? வெள்ளிக்கிழமை மத்தியானமா?"

அந்தச் செய்தி அறையைக் கலக்கிவிட்டது. ஆளாளுக்கு முந்திக்கொண்டு தங்கள் நிரபராதித்தனத்தை நிரூபிக்க ஆரம்பித்தார்கள். "நான் இல்ல சார். நான் காலையிலிருந்து பேப்பர்தான் படிக்கறேன்." "என் மெஷின்ல கரன்ட்டே கிடையாது சார், நீங்க வந்து பாக்கலாம்." "நான் லீவுல இருக்கேன் சார், கேக்குக்காக வந்தேன்." இணை இயக்குநர் எல்லோருடைய விரல் நுனிகளையும் வரிசையாகச் சோதித்தார்.

எந்த மேசையில் என்று கண்டுபிடிக்க இன்னொரு கமாண்ட் தட்டினேன். பதற்றத்தில் இயக்குநர் ஒரே நாளில் இரண்டாவது முறையாக என்டர் அடித்தார், கழக வரலாற்றில் ஓர் இயக்குநருக்கு அது முதல் தடவை. பதில் வந்தது. இரண்டாவது மாடி, பழைய சாமான்கள் போடும் அறை. உள்ளே நுழைந்து வருடங்கள் ஆகின்றன, இன்னும் வெளியே போகவில்லை.

எல்லோரும் படியேறினோம். முன்னால் இயக்குநர் கையில் கேடயத்தோடு, பின்னால் இணை இயக்குநர் பூச்செண்டோடு, அதற்குப் பின்னால் நான், மற்றவர்கள் எல்லாம் கேக் தட்டோடு. நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்பே கேன்டீன்காரர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு டீ இருந்தது.

"சர்க்கரை இல்லாதது" என்றார் என்னிடம்.

உள்ளே உடைந்த விளக்குக் கூண்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மேசை, பழைய கணினி. அதன் முன்னால் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டு டப்பா, கழுவிக் கவிழ்த்திருந்தது. எங்களைப் பார்த்ததும் மெதுவாக எழுந்து நின்றார்.

"வந்துட்டீங்களா சார்" என்றார் இயக்குநரிடம். "தயாரா இருக்கேன்."

நான் திரையைப் பார்த்தேன். எக்ஸிட் என்ற கமாண்ட் தட்டப்பட்டிருந்தது. அதன் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

அவர்தான் பழைய கண்காணிப்பாளர். ஓய்வு பெற்ற நாளன்று வெளியேறும் கமாண்டைத் தட்டிவிட்டு, அன்றிலிருந்து என்டருக்காகக் காத்திருக்கிறார். இரண்டாம் மாடியின் இணை இயக்குநர் அன்று ஏதோ ஆலோசனைக் கூட்டத்தில் இருந்தாராம். மறுநாள் அவருக்கு மாற்றல். அந்தப் பதவி இன்னும் நிரப்பப்படவில்லை. கீழ்த்தளத்து இணை இயக்குநருக்கு மாடியில் என்டர் அடிக்க அதிகாரம் கிடையாது. ஆகவே இவர் தினமும் காலையில் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டுப் போகிறார்.

கீபோர்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்டர் மேல் மூடியே இல்லை.

"இதுக்கு மூடி?"

அவர் சட்டைப் பையிலிருந்து பித்தளை மூடியை எடுத்துக் காட்டினார். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார். "நான் காத்திருக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே கழண்டு விழுந்துடுச்சும்மா. தொலைஞ்சுடக் கூடாதேன்னு வெச்சிருக்கேன்."

"அப்ப நீங்களே அடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே."

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எனக்கு அதிகாரம் இல்லியேம்மா."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மாடி என்டர் குறித்து ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்றார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. யாரோ கேக்கை வெட்ட ஆரம்பித்தார்கள். இணை இயக்குநர் என்னை ஓரமாக இழுத்தார்.

"மேடம், யோசிச்சுப் பாருங்க. இவர் இப்படியே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் 1019 பணியில இருக்கார்னு மெஷின் சொல்லும். 1019 பணியில இருந்தா நீங்களும் பணியில இருக்கீங்க. உங்களை யாரும் அசைக்க முடியாது. குழு எப்படியும் நல்லா நிதானமாத்தான் முடிவெடுக்கும். பேசாம கீழ வாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை இனித்தது. சுழல் நாற்காலி ஞாபகம் வந்தது. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. நான் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை, சும்மா படியிறங்கிப் போனால் போதும்.

பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. "நீ போம்மா" என்றார். "சின்னப் பொண்ணு. வேலை முக்கியம். எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல, பழகிடுச்சு. வீட்டுலதான் தினமும் கேக்கறாங்க, இன்னிக்காவது ஒரேயடியா வந்துடுவீங்களான்னு. நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிக்கிட்டு வர்றேன்." பேசிக்கொண்டே மறுபடி உட்கார்ந்து, திரையைப் பார்த்து முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

அந்தப் 'பழகிடுச்சு' எனக்குத் தாங்கவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கட்டடத்தின் மேலேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சுண்டுவிரலால் என்டரை அடித்தேன்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. திரை ஒருமுறை துடைத்துக்கொண்டது. எக்ஸிட் போய், வேறு யாராவது பெயரைத் தட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றது.

பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எழுந்தார். சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தார். பித்தளை மூடியை இணை இயக்குநர் கையில் கொடுத்து, "சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்றார். என் தலையில் ஒரு தடவை கை வைத்தார். கேடயத்தில் எண்தானே இருந்தது, அதை அவரிடமே கொடுத்தார்கள். பூச்செண்டும் போயிற்று. இயக்குநர் தன் உரையை முதலிலிருந்து மறுபடி வாசித்தார், மீசை இந்த முறை பொருந்தியது. கேன்டீன்காரர் நீட்டிய டீயைப் பெரியவர் வேண்டாம் என்றார். "வீட்டுல போய்க் குடிச்சுக்கறேன். வீட்டுல சர்க்கரை போடுவாங்க." படிகளில் அவர் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் முழங்கால் வலிக்கும் அவருக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியவில்லை.

அதன் பிறகுதான் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"என்டர் அடிச்சது நீங்கதானே?" இணை இயக்குநரின் குரலில் மேடம் காணாமல் போயிருந்தது. "மூடி போட்டதிலிருந்து இப்படி ஒரு குற்றம் நடந்ததில்ல. இதுக்குக் கடுமையான விசாரணை உண்டு. உடனே மெமோ குடுக்கணும்."

"யார் பேருக்கு சார்?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. 1019 இப்போது ஓய்வு பெற்றாயிற்று, ஓய்வு பெற்றவருக்கு மெமோ கொடுக்க விதியில் இடமில்லை. 1019 இல்லாத நான் கழகத்தில் ஆளே இல்லை. ஆளே இல்லாதவள் செய்த குற்றத்தை எப்படி விசாரிப்பது? பணியாளர் பிரிவைக் கூப்பிட்டார்கள். சிக்கனப் பிரிவைக் கூப்பிட்டார்கள். கேக் தீரும் வரை விவாதித்தார்கள். குற்றச்சாட்டு என்பது ஒரு தேவைதான் என்றும், தேவைக்காகப் புது எண் எடுப்பது விரயம் ஆகாது என்றும், 1019ஐ இனி யாரும் தொடக் கூடாது என்றும் முடிவாயிற்று.

கீழே போனோம். என் பெயர், ஒரு புத்தம் புது எண், இரண்டையும் நான்தான் தட்டினேன். இணை இயக்குநர் கோபத்தில் என்டரை அடித்த அடியில் கீபோர்டு மேசையில் ஒரு சாண் நகர்ந்தது. நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன். இந்த முறை மனதாரச் சொன்னேன். அவர் கோபம் அடங்குவதற்குள் இன்னொரு என்டரும் அடிக்கவைத்து என் கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் ஒன்றுமே வரவில்லை. எதுவும் இல்லாத அந்தத் திரை எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

சாயங்காலமே மெமோ வந்தது. கடைசி வரியைத்தான் முதலில் படித்தேன். விசாரணை முடியும் வரை தங்களைப் பணியிலிருந்து நீக்க எவருக்கும் அதிகாரமில்லை, முதுமை ஒன்று மட்டும் விதிவிலக்கு. கம்பம் சாய்ந்த விசாரணையே என் வயதுக்கு ஈடாக ஓடியிருக்கிறது. அம்மா அன்றைக்கே கிளம்பி, "என் பொண்ணு மேல விசாரணை வெச்சிருக்காங்க, இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று மறுபடி எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அண்ணன் மட்டும், "நீ இருக்கியே, எதுக்கும் அந்த ஷட்டருக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லு" என்றான்.

என் பதிலை, குற்றம் நடந்த இயந்திரத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. திங்கட்கிழமை இரண்டாம் மாடிக்குப் போனேன். மூடியைப் புதிதாக ஆணி அடித்துப் பூட்டியிருந்தார்கள். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து ஒரே ஒரு வரி தட்டினேன்: அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. என்டர் அடிக்க அந்த மாடிக்கு இன்னும் இணை இயக்குநர் வரவில்லை. கேன்டீன்காரர் டீ கொண்டுவந்தார், சர்க்கரை போட்டிருந்தது. நிதானமாகக் குடித்தேன். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கோடு மினுங்கிக்கொண்டே இருந்தது. ஐந்து மணி ஆனதும் அதை அப்படியே விட்டுவிட்டு நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.